காட்சியும் கருதலும்

'கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பது நம்மவர் நாவில் என்றும் வழங்கும் பழமொழி. காதாற் கேட்டது பொய்யாகக் கூடும் என்பதை யாவரும் ஒப்புவர். ஒரு செய்தி பத்துப் பேர் வாயிற் புகுந்து வெளிவரும்போது அதன் உருவம் திரிந்து போவது உலகறிந்த விஷயம். ஆயின் கண்ணாற் கண்டது பொய்யாவது எங்ஙனம்? நீதிமன்றத்திலாயினும் வீட்டுத் திண்ணையிலாயினும், 'என் கண்ணாலேயே கண்டேன்' என்று ஒருவர் கூறிவிட்டால், அதன்மேல் வாதத்திற்கு இடமில்லை என்றே கொள்ளுகிறோம். உண்மையை அறியும் அளவைகளை வகுத்த நம் முன்னோரும் காண்டல், கருதல், உரை என எண்ணி, காண்டலையே முதற்கண் வைத்தனர். எதிரே நிற்பதை நேரே அறிவது காண்டல். புகையைக் கண்டு, ஆண்டு நெருப்புண்டென உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கார் மொழியைக் கொண்டு தெளிவது உரை. இம்மூன்றனுள் காண்டல் ஒன்றே பிறிதொன்றன் துணையை வேண்டாதது என்பது பொதுவாக நிலவும் எண்ணம்.

இவ்வெண்ணம் முற்றும் பொருந்தாது என்பதை எடுத்துக்காட்டுவதே இச்சிறு கட்டுரையின் நோக்கம். நேரே கண்டோமென நாம் துணியும் ஒவ்வொரு காட்சியினுள்ளும் கருதல் மறைந்து நின்று தொழில் புரிகின்றது. கண் கொடுப்பது சிறு முதல். அம்முதலைக் கொண்டு மூளை நடத்தும் வாணிகமே பெரிது. இவ்வாணிகத்தின் முறையை நாம் ஆராயப் புகுவது வெறும் வேடிக்கைக்காக அன்று. பிறவியிலேயே கண்ணொளி மறைக்கப்பட்ட குழந்தைகளின் வாழ்வு இவ்வறிவைப் பொறுத்திருக்கிறது; நம் சொந்தச் சாட்சியத்தின்மீது நாம் எவ்வளவு உறுதி கொள்ளலாம் என்பதும் இதனைப் பொறுத்ததே.

கண் ஒரு புகைப்படப் பெட்டியைப் போன்றது என்று பள்ளி வகுப்பிலேயே படித்திருக்கிறோம். முன்னே ஒரு வில்லை, பின்னே விழித்திரை, வெளியுலகின் உருவம் வில்லையின் வழியே புகுந்து திரையில் விழுகின்றது. அவ்வுருவம் தலைகீழாக விழுகின்றது என்பதை ஜெர்மானிய வானநூலறிஞர் கெப்ளர் 1604-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். எருதின் கண்ணொன்றை எடுத்து, அதன் பின்புறத் தோலைச் சீவி, அவ்விடத்தில் மெல்லிய தாளையோ முட்டையோட்டையோ பொருத்திப் பார்த்தால் அத்தலைகீழ் உருவத்தை எவரும் காணலாமென்று பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டேக்கார்ட் 1637-இல் எழுதினார்.

ஆயின் உவமை இவ்வளவோடு நின்றுவிடுகிறது. புகைப்படப் பெட்டி படத்தை எடுக்கும், அதனைப் பார்க்காது. விழித்திரையில் விழுந்த படத்தைப் பார்ப்பவர் யார்? மூளைக்குள் ஒரு சிறு மனிதன் அமர்ந்து பார்க்கின்றான் எனின், அவன் தலைக்குள்ளும் மற்றொரு சிறு மனிதன் வேண்டும், இதற்கு முடிவேயில்லை. ஆதலின், விழித்திரையிலிருந்து வரும் குறிப்புக்களைக் கொண்டு, வெளியே இருப்பது இன்னதென்று மூளை முடிவு செய்கின்றது என்றே கொள்ளுதல் வேண்டும்.

அக்குறிப்புக்களோ மிகவும் குறையுடையவை. விழித்திரையில் ஒளியை உணரும் உயிரணுக்கள் ஏறத்தாழ 10 கோடி உள்ளன. அவை அறிந்தவற்றை மூளைக்குக் கொண்டு செல்லும் பார்வை நரம்பில் உள்ள இழைகளோ சுமார் 10 லட்சமே. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, ஏறத்தாழ அவ்வளவு இடமே எந்தக் கணத்திலும் நமக்குத் தெளிவாகத் தெரிவது. சுற்றியுள்ளவை யாவும் மங்கலே. இக்குறையை ஈடு செய்யக் கண் ஒரு விநாடிக்கு மூன்று முறையளவில் இங்குமங்கும் தாவிக்கொண்டேயிருக்கிறது. ஆயினும் உலகம் தாவுவதாகவோ, ஓரங்கள் மங்கியதாகவோ நமக்குத் தோன்றுவதில்லை. தெளிவும் அமைதியும் உடைய ஒரே காட்சி நம்முன் விரிந்திருப்பதாகவே உணர்கின்றோம்.

இதற்கு மேலும் ஒரு குறை உண்டு. பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் உயிரணு ஒன்றேனும் இல்லை. அவ்விடத்தில் விழும் உருவம் எதுவும் நமக்குத் தெரியாது. இதனைக் கண்டறிந்து 1668-இல் வெளியிட்டவர் மாரியொட் என்னும் பிரெஞ்சு அறிஞர். நேயர்கள் இதனைத் தாமே சோதித்தறியலாம். வெள்ளைத் தாளில் இடப்புறம் ஒரு கூட்டற்குறியும், அதிலிருந்து 3 அங்குலம் தள்ளி வலப்புறம் மிளகளவான கரும்புள்ளி ஒன்றும் இடுக. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணாற் கூட்டற்குறியையே உற்று நோக்கியவண்ணம், தாளைச் சுமார் 1 அடி தூரத்தில் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துக. ஓரிடத்திற் புள்ளி மறைந்துபோம். மறைந்த இடத்தில் ஓட்டை ஒன்று தோன்றுமோவெனின், இல்லை; வெள்ளைத் தாளே தோன்றும். புள்ளியின் வழியே ஒரு கோட்டை வரைந்திருந்தால், கோடு இடையறாது செல்வதாகத் தோன்றும். இருக்கவேண்டியது இன்னதென்று மூளை கருதி, அவ்விடத்தை நிரப்பிவிடுகின்றது. ஒரு கண்ணாற் பார்க்குந்தோறும் நாம் அறியாமலே இங்ஙனம் நிகழ்கின்றது.

நிற்க. கண் தரும் குறிப்பு முழுமையாக இருந்தபோதிலும், அதற்குரிய பொருள் ஒன்றாக இருப்பதில்லை. கையெட்டும் தூரத்திலுள்ள சிறு பந்தும், தெருக்கோடியிலுள்ள பெரும் பந்தும் விழித்திரையில் ஒரே அளவான உருவத்தைத் தரக்கூடும். வெயிலிற் கிடக்கும் கரித்துண்டு, அறைக்குள் மேசைமீதுள்ள வெள்ளைத்தாளைவிட மிகுதியான ஒளியைக் கண்ணுக்கு அனுப்புகின்றது. எனினும் கரி கரியாகவும் தாள் வெண்மையாகவுமே நமக்குத் தோன்றுகின்றன. பொருளின்மீது விழும் ஒளி எவ்வளவென்பதை மூளை மதிப்பிட்டுக் கழித்துவிட்டு, எஞ்சியதையே பொருளின் நிறமென்று நமக்கு உரைக்கின்றது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867-இல் நிறைவு செய்த தம் பெருநூலில், காட்சி என்பது நாம் அறியாமலே செய்யும் அனுமானம் என்று கூறினார். காண்டலுள்ளே கருதல் உறைகின்றது என்று நாம் மேலே சொன்னதும் இதுவே.

அவ்வாறாயின் இக்கருதல் பிறவியிலேயே அமைந்ததா, அன்றிப் பழக்கத்தால் வந்ததா? இவ்வினாவை மிக அழகிய வடிவிற் கேட்டவர் அயர்லாந்து தேசத்து டப்ளின் நகரத்தைச் சேர்ந்த வில்லியம் மாலினூ என்பவர். அவருடைய மனைவியார் மணமான சிறிது காலத்திலேயே பார்வையிழந்தவர். மாலினூ 1688-இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு எழுதிய கடிதத்தில் கேட்டது இது: பிறவிக் குருடனாகிய ஒருவன், உலோகத்தாலாகிய கனசதுரத்தையும் உருண்டையையும் கையால் தடவி வேறுபாடறிந்து பெயர் சொல்லப் பழகியிருக்கின்றான். அவன் வளர்ந்தபின் பார்வை பெறுகின்றான். இரு பொருள்களும் அவன் எதிரே மேசைமீது வைக்கப்படுகின்றன. தொடாமல், கண்ணால் மட்டுமே பார்த்து, உருண்டை எது கனசதுரம் எது என்று அவன் சொல்லக்கூடுமா? சொல்லக்கூடாது என்பதே மாலினூவின் விடை. லாக்கும் அதனையே ஒப்பி, 1694-இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் அவ்வினாவைச் சேர்த்தார். அன்றுமுதல் ஐரோப்பிய அறிஞர் பலர் இதுபற்றி வாதிட்டனர். வாதம் பெரிது, சோதனையோ அரிதாயிற்று.

1728-ஆம் ஆண்டில், லண்டன் நகரத்து அறுவை மருத்துவர் செசல்டென், கண்புரையால் மிகச் சிறு வயதிலேயே பார்வையிழந்திருந்த 13 வயதளவினனான ஒரு சிறுவனுக்குச் சிகிச்சை செய்து, அவன் நிலையை எழுதி வெளியிட்டார். முதன்முதலிற் கண்டபோது, பொருள்களெல்லாம் தன் கண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பதாக அச்சிறுவன் எண்ணினானாம். எந்தப் பொருளின் உருவமும் அவனுக்கு விளங்கவில்லை. பூனை எது, நாய் எது என்பதை அடிக்கடி மறந்து, கேட்க வெட்கி, ஒருநாள் பூனையைப் பிடித்துத் தடவிப் பார்த்து, அதனை உற்று நோக்கி, இனி உன்னை அறிந்துகொள்வேன் என்னும் பொருள்பட அதனிடமே கூறினானாம். சுவரிலுள்ள ஓவியங்கள் பல நிறம் பூசிய பலகைகளாகவே அவனுக்குத் தோன்றின. ஏறத்தாழ இரண்டு மாதம் சென்றபின்னரே, அவை திரண்ட உருவங்களைக் காட்டுகின்றன என்பது அவனுக்குத் திடீரென விளங்கிற்று. விளங்கியவுடன் அவற்றைத் தொட்டுப் பார்த்தான்; மேடுபள்ளம் இல்லாதது கண்டு திகைத்தான்; பொய் சொல்லும் புலன் எது, தொடுதலா பார்த்தலா, என்று வினவினான். பெருந்தத்துவ ஞானியும் இதனினும் கூரிய வினாவைக் கேட்டல் அரிது.

இனி, இக்கருதல் நிகழும் இடத்தை நோக்குவோம். பார்வை நரம்பின் செய்தி சென்று சேரும் முக்கிய இடம் தலையின் பின்புறத்திலுள்ள மூளைப்பகுதி. இதன் அமைப்பை நுணுக்கமாக அறியச் செய்தது ஒரு போர் என்பது வருந்தத்தக்க உண்மை. 1904-05-இல் ருஷியாவுக்கும் ஜப்பானுக்கும் நிகழ்ந்த போரில், சிறு துப்பாக்கிக்குண்டு தலையை ஊடுருவியும் உயிர் பிழைத்த ஜப்பானிய வீரர் பலர் இருந்தனர். அவர்கள் எவ்வளவு பார்வையை இழந்தனர் என்று கணக்கிட அமர்த்தப்பட்ட கண் மருத்துவர் இனோயே, குண்டு சென்ற வழியையும், ஒவ்வொரு வீரரும் இழந்த பார்வைப் பகுதியையும் ஒப்பிட்டுப் பார்த்து, 1909-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கண் முன்னுள்ள வெளியின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளையில் தனி இடம் உண்டென்பதும், பார்வையின் நடுப்பகுதிக்கே மிகப் பெரிய இடம் ஒதுக்கப்பட்டுள்ளதென்பதும் அவற்றால் விளங்கின. கண் சிறிதும் கெடாதிருந்தும், மூளையின் அவ்விடம் சிதைந்தமையால் அவ்வீரர்க்கு உலகின் ஒரு பகுதியே இல்லாதொழிந்தது.

அவ்விடத்தில் நரம்பணுக்கள் செய்யும் வேலை யாது? 1958-இல் அமெரிக்காவில் ஹ்யூபெல், வீசெல் என்னும் இருவர் பூனையின் மூளையிலுள்ள தனித்தனி நரம்பணுவின் துடிப்பைப் பதிவு செய்ய முயன்றனர். கண்ணாடிச் சில்லிலுள்ள புள்ளியைப் பூனைக்குக் காட்டினர், நரம்பணு அசையவில்லை. சில்லை மாற்றிச் செருகும்போது அதன் விளிம்பின் மெல்லிய நிழல் திரையில் நகர, நரம்பணு மிகுதியாகத் துடிக்கலாயிற்று. அது விரும்பியது புள்ளியை அன்று. குறிப்பிட்ட சாய்வுடைய கோட்டை! இங்ஙனம் ஒவ்வொரு சாய்வுக்கும் தனித்தனி நரம்பணுக்கள் உள்ளன என்று அவர்கள் கண்டனர். இவ்வாராய்ச்சிக்காக 1981-இல் நோபெல் பரிசும் பெற்றனர்.

ஆகவே மூளை காட்சியை முதலில் சிறுசிறு துண்டுகளாக்குகின்றது. பின்னர்க் கோடு, நிறம், அசைவு, முகம் எனத் தனித்தனித் துறைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றது. துறைகள் வேறுவேறு என்பதற்கு நோயாளரே சான்று. ஜெர்மனியில் மூளையின் ஒரு பகுதி பழுதுற்ற பெண்மணி ஒருவரைப்பற்றி 1983-இல் வெளிவந்த அறிக்கை வியப்பூட்டுவது. அவருக்கு உருவமும் நிறமும் தெரிந்தன. அசைவு மட்டும் தெரியவில்லை. கோப்பையில் தேநீர் ஊற்றும்போது அது உறைந்து நிற்பதாகத் தோன்றுமாதலின், எப்போது நிறுத்துவதென்று அறியாது தவித்தார். தொலைவில் நின்ற மோட்டார் வண்டி, மறுகணமே அருகில் நிற்கும். இடையில் வந்த வரவு அவர் காட்சியில் இல்லை. ஒரு துறை மூடப்பட்டால், அத்துறை தரும் உலகமும் மூடப்படுகின்றது.

துண்டு துண்டாக்கியவற்றை மீண்டும் பொருள்களாக இணைப்பது எம்முறையால்? இதற்கு விடைகூற முயன்றவருள் தலையானவர் ஜெர்மானிய அறிஞர் வெர்தைமர். அசையாத இரு கோடுகளைத் தக்க இடைவெளியிட்டு மாறிமாறிக் காட்டினால், ஒரே கோடு நகர்வதாகத் தோன்றுவதை 1912-இல் அவர் ஆராய்ந்தார். திரைப்படத்தில் விநாடிக்கு 24 அசையாப் படங்களைக் கண்டு, ஆடலையும் ஓடலையும் நாம் உணர்வது இவ்வியல்பினாலேயே. பின்னர் 1923-இல், மூளை தனித்தனிக் குறிகளைக் கூட்டங்களாகச் சேர்க்கும் விதிகளை அவர் வகுத்துரைத்தார். அண்மையிலுள்ளவை ஓரினம், ஒத்த தோற்றமுடையவை ஓரினம், ஒருங்கு நகர்பவை ஓரினம், ஒழுங்காகத் தொடரும் கோடு ஒரே கோடு. வானத்து மீன்கள் ஒன்றுக்கொன்று எட்டாத் தொலைவிலிருப்பினும், அவற்றை நாம் கூட்டங்கூட்டமாகவே காண்கின்றோம். புல்லிடையே அசையாது கிடக்கும் பாம்பு தெரிவதில்லை; சிறிது நகர்ந்தவுடன் தலைமுதல் வால்வரை ஒரே உருவாய்த் தெரிந்துவிடுகின்றது.

இவ்விதிகளுள் எவை பிறவியில் வந்தவை, எவை கற்றவை என்னும் வினாவுக்கு, மாலினூவின் காலத்திற்கு முந்நூறு ஆண்டுகளுக்குப்பின் ஓரளவு விடை கிடைத்தது நம் இந்திய நாட்டிலேயே என்பதை அறிந்து நாம் மகிழலாம். அமெரிக்காவிலுள்ள மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியரும் டெல்லியிற் பிறந்தவருமான பவன் சின்ஹா, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் 'பிரகாஷ்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். பிறவிக் கண்புரையால் பார்வையின்றி, வறுமையால் மருத்துவமுமின்றி வளர்ந்த சிறுவர் சிறுமியரைக் கிராமங்களிற் கண்டுபிடித்து, டெல்லியிலுள்ள ஷ்ராஃப் தரும கண் மருத்துவமனையிற் சிகிச்சை அளித்து, அவர்கள் பார்க்கக் கற்கும் முறையை ஆராய்வது இதன் பணி. தொண்டும் ஆராய்ச்சியும் ஒரே கையால் நடைபெறுவது இதன் தனிச்சிறப்பு.

2009-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், இங்ஙனம் காலங்கடந்து பார்வை பெற்ற மூவர், ஒன்றன்மேலொன்று சிறிது படிந்த இரு சதுரங்களை வரைந்து காட்டியபோது, கோடுகள் வெட்டுவதால் உண்டான ஒவ்வொரு கட்டத்தையும் தனிப்பொருளாகக் கொண்டு, மூன்று உள்ளன என்று எண்ணினர். புகைப்படத்தில் நிறமும் ஒளியும் மாறுமிடந்தோறும் வேறு பொருள் தொடங்குவதாகக் கருதினர். ஒரு பசுவின் உடலிலுள்ள கறுப்பும் வெளுப்பும் ஒரு பசுவுக்கே உரியவை என்பது நமக்கு எவ்வளவு வெளிப்படை! அவர்களுக்கோ அது வெளிப்படையன்று. ஆயின் அப்பொருள் அசைந்தவுடன், ஒருங்கு நகரும் பகுதிகளை ஒன்றெனக் கொண்டு சரியாகக் காட்டினர். மாதங்கள் பல சென்றபின், அசையாப் பொருள்களையும் அறியலாயினர். மூளைக்கு அரிச்சுவடி கற்பிப்பது அசைவே என்று இதனால் ஊகிக்கலாம்.

2011-இல் ரிச்சர்டு ஹெல்டு, பவன் சின்ஹா முதலியோர் மாலினூவின் வினாவையே சோதனைக்கு உட்படுத்தினர். 8 முதல் 17 வயது வரையுள்ள ஐவர், சிகிச்சைக்குப்பின் 48 மணிநேரத்திற்குள் சோதிக்கப்பட்டனர். கையால் தடவிய விளையாட்டுக் கட்டையைக் கையாலேயே மீண்டும் அறிவதில் அவர்கள் பிழை செய்யவில்லை எனலாம். கண்ணாற் கண்டதைக் கண்ணாலேயே மீண்டும் அறிவதிலும் தேர்ந்தனர். ஆனால் கையால் தடவியதைக் கண்ணால் அறியச் சொன்னபோது, அவர்கள் விடை, நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொல்லும் விடையினும் அதிகம் மேம்படவில்லை. ஆகவே மாலினூ கூறியதே உண்மையாயிற்று. எனினும் சில நாட்களுக்குள்ளாகவே அவர்களுடைய திறன் பெரிதும் வளர்ந்தது. கையும் கண்ணும் ஒன்றையொன்று அறியாமற் பிறந்தாலும், அறிமுகம் ஆனபின் நட்புக் கொள்ளத் தாமதிப்பதில்லை.

இதனைக் கொண்டு காட்சியெல்லாம் கற்றதே என்று முடிவு கட்டுதலும் தகாது. சம நீளமுள்ள இரு கோடுகளின் முனைகளில், ஒன்றற்கு உட்புறம் மடங்கிய சிறகும் மற்றதற்கு வெளிப்புறம் விரிந்த சிறகும் வரைந்தால், இரண்டாவது நீண்டு தோன்றும். இது மூல்லர்-லையர் என்பார் 1889-இல் வெளியிட்ட மயக்கக் காட்சி. ஆங்கில அறிஞர் ரிவர்ஸ் 1901-02-இல் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே வாழ்ந்து சோதித்தபோது, இம்மயக்கம் ஆங்கிலேயரைவிட அவர்களிடம் குறைவாக இருக்கக் கண்டார். வாழும் இடமும் பழக்கமுமே இம்மயக்கத்திற்குக் காரணமெனப் பலர் அதன்பின் எண்ணினர். ஆயின் 2015-இல் வெளியான பிரகாஷ் ஆராய்ச்சியில், அப்போதுதான் பார்வை பெற்ற 9 சிறுவர் சிறுமியரும் இம்மயக்கத்திற்கு உடனே ஆளாயினர்! பழக்கம் அதன் அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடும். அதன் வேர் அனுபவத்திற்கு முன்னரே மூளையில் ஊன்றியிருக்கின்றது போலும். ஆகவே இயற்கை சில விதிகளை எழுதித் தந்திருக்கின்றது; எஞ்சியவற்றை எழுத வெற்றேடும் தந்திருக்கின்றது.

அவ்வேட்டில் எழுதுவதற்குக் காலவரை உண்டு என்பதே இங்கு நாம் முக்கியமாகக் கவனிக்கவேண்டுவது. ஹ்யூபெலும் வீசெலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைப் பிறந்த சில நாட்களிலேயே மூடித் தைத்து, சில மாதங்களுக்குப்பின் திறந்தனர். அக்கண் பழுதற்றதாக இருந்தும் அதனாற் பயனில்லாமற் போயிற்று; மூளையில் அதற்குரிய இடத்தை மற்றக் கண் கவர்ந்துகொண்டது. வளர்ந்த பூனைக்கு இவ்வாறே செய்தபோது தீங்கு நேரவில்லை. இளமையில் விதைக்கத் தவறிய நிலத்தில் முதுமையிற் பயிர் ஏறுவது அரிது. பிரகாஷ் சிறுவர்கள் பயனுள்ள பார்வை பெற்றனர் என்பது நமக்கு நம்பிக்கை தருவதே. எனினும் நுண்ணிய எழுத்தைக் காணும் கூர்மை பிறரைப்போல் அவர்களுக்கு வாய்ப்பதில்லை.

முதுமையில் வந்த பார்வை துன்பமாதலும் உண்டு. இங்கிலாந்தில் 10 மாதக் குழந்தையாயிருக்கும்போது பார்வையிழந்த ஒருவர், 52-ஆம் வயதில், 1959-ஆம் ஆண்டளவில், சிகிச்சையால் அதனைத் திரும்பப் பெற்றார். ரிச்சர்டு கிரெகரி என்னும் அறிஞர் அவரை ஆராய்ந்து எழுதியுள்ளார். குருடர் பள்ளியில் தடவிக் கற்ற பெரிய எழுத்துக்களை அவர் உடனே கண்ணால் வாசித்தார். லண்டன் விஞ்ஞானக் காட்சிச்சாலையிலுள்ள கடைசல் இயந்திரத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தும் அவருக்கு அதன் உறுப்புக்கள் விளங்கவில்லை. பின்னர்க் கண்ணை மூடிக்கொண்டு அதனைத் தடவிப் பார்த்து, பின்வாங்கி நின்று, தொட்டறிந்தமையால் இப்போது காணவும் முடிகிறது என்றார். குருடராயிருந்தபோது தனியே அஞ்சாது தெருவைக் கடந்தவர், பார்வை வந்தபின் நடுங்கினார். மங்கிய சுவரும் உதிர்ந்த வர்ணமும் அவர் மனத்தை வருத்தின. மாலைகளில் விளக்கேற்றாது இருளிலேயே அமர்ந்திருப்பாராம். 1960-இல் அவர் காலமானார். கண்ணைத் திறப்பது மருத்துவர் கையில் உள்ளது. காணக் கற்பதற்குக் காலமும் துணையும் வேண்டும்.

மாணவ நண்பர்களே, இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க பயன் இரண்டு. முதலாவது, நம் கையால் ஆகக்கூடிய ஒரு தொண்டு. விடுமுறையில் உங்கள் ஊருக்குச் செல்லும்போது, கைக்குழந்தையொன்றின் கண்மணி வெண்மையாய்த் தோன்றினாலும், கண்கள் நிலைகொள்ளாது அலைந்தாலும், ஒரு கண் மாறுகண்ணாயிருந்தாலும், 'வளர்ந்தாற் சரியாகிவிடும்' என்னும் பேச்சுக்கு இடங்கொடாது, கண் மருத்துவரிடம் உடனே காட்டுமாறு பெற்றோரைத் தூண்டுங்கள். பிறவிக் கண்புரைக்கு முதற்சில வாரங்களுக்குள் சிகிச்சை செய்தல் சிறந்தது என்பர் மருத்துவர். நாம் தயங்கிக் கழிக்கும் ஒவ்வொரு மாதமும் அக்குழந்தையின் ஏட்டில் எழுதப்படாத ஒரு பக்கமாகும்.

இரண்டாவது, நம் உள்ளத்திற் கொள்ளவேண்டிய அடக்கம். காட்சியிற் பிழை நேர்வது கண்ணின் குறையாலன்று. குறைந்த குறிப்பைக் கொண்டு நிறைந்த உலகைக் கட்டும் அதே திறமையினாலேயே பிழையும் வருகின்றது. பழுதையைப் பாம்பென்று மருளச் செய்வதும், பாம்பிடமிருந்து நம்மைக் காப்பதும் ஒரே மூளைதான். மயக்கம் இன்னதென்று அளந்தறிந்த பின்னரும் அது விலகுவதில்லை. மூல்லர்-லையர் கோடுகளை அளவுகோலால் அளந்த பின்னரும் அவை சமமாய்த் தோன்றுவதில்லை. ஆகவே நம்மெதிரே நிற்பவர் நாம் கண்டதற்கு மாறாகத் தாம் கண்டதை உரைக்கும்போது, அவர் பொய்யர் என்று உடனே துணிதல் முறையன்று. அவர் மூளையும் நம் மூளையைப்போலவே கருதியே கண்டிருக்கிறது.

பழமொழி சொன்ன விசாரணையை மூளை நாம் அறியாமலே ஒவ்வொரு கணமும் நடத்துகின்றது. ஆயின் அது விரைவில் முடியும் விசாரணை. தீர விசாரிக்க அதற்கு அவகாசமில்லை. எஞ்சியதை அளந்தும், வினவியும், பிறர் கண்டதைக் கேட்டும் முடித்தல் நம் கடமையாகும்.